மின்கல வானொலிப் பெட்டி: தேர்வும் பயன்பாடும்

மின்சார இணைப்பின் துணையின்றி, உள்ளே இடப்படும் மின்கலங்களின் ஆற்றலால் மட்டுமே இயங்கி, ஒரு கையில் தூக்கிச் செல்லத்தக்க அளவில் அமைந்த வானொலிப் பெட்டியே இக்கட்டுரையில் மின்கல வானொலி எனப்படுகிறது. தமிழ் மக்களிடையே ‘டிரான்சிஸ்டர்’ என்ற பெயரில் பல்லாண்டுகள் புழங்கிய இப்பெட்டி, தொலைக்காட்சியும் கைப்பேசியும் பரவியபின் பெரும்பாலான வீடுகளிலிருந்து மறைந்துவிட்டது. எனினும் புயலோ வெள்ளமோ நீண்ட மின்தடையோ நேரும்போதெல்லாம் அதன் தேவை மீண்டும் உணரப்படுகிறது. அவ்வேளையில் கடைக்குச் செல்பவர், பத்துப் பன்னிரண்டு அலைவரிசைப் பட்டைகள், நினைவட்டை, புளூடூத், விளக்கு எனப் பல வசதிகள் அச்சிடப்பட்ட பெட்டிகளுக்கு நடுவே எதனை அளவுகோலாகக் கொள்வது என்று தெரியாமல் விலையையும் தோற்றத்தையும் பார்த்தே முடிவெடுக்க நேர்கிறது. பெட்டியின் தகுதியை அறிய இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்: கேட்பவர் வாழும் இடத்திற்கு எந்த ஒலிபரப்பு எந்த அலையில் வந்து சேர்கிறது என்பது முதலாவது, மின்சாரம் இல்லாத நாட்களில் பெட்டிக்கான ஆற்றல் எங்கிருந்து கிடைக்கும் என்பது இரண்டாவது.

வரலாற்றுப் பின்புலம்

தொடக்கக் கால வானொலிப் பெட்டிகள் வெற்றிடக் குழாய்களால், அதாவது ‘வால்வு’களால் இயங்கின. வால்வினுள் உள்ள இழையைச் சூடேற்ற ஒரு மின்கலமும், அதன் தகடுகளுக்கு உயர் மின்னழுத்தம் தர மற்றொரு மின்கலத் தொகுதியும் தேவைப்பட்டதால், மின்சாரம் எட்டாத ஊர்களில் வானொலி கேட்பது பெருஞ்செலவாக இருந்தது. ஊருக்கு ஒரு பெட்டியை வைத்து ஒலிபெருக்கி வழியாக எல்லோரும் கேட்கும் ‘பஞ்சாயத்து ரேடியோ’ முறை பரவியதற்கு இச்செலவும் ஒரு காரணமாகும். 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் இயக்கிக் காட்டப்பட்டது. அதற்காக ஷாக்லி, பார்டீன், பிராட்டன் ஆகிய மூவரும் 1956இல் நோபல் பரிசு பெற்றனர். சூடேற்ற இழை தேவைப்படாத இச்சிறு உறுப்பு, வால்வுக்கு வேண்டிய ஆற்றலில் மிகச் சிறிய பங்கிலேயே இயங்கியதால் கையடக்கப் பெட்டி சாத்தியமாயிற்று. 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டி.ஆர்.-1 என்னும் பெட்டியில் நான்கே டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அடுத்த ஆண்டே ஜப்பானின் சோனி நிறுவனம் தனது முதல் டிரான்சிஸ்டர் வானொலியை வெளியிட்டது.

தமிழகத்தில் 1938ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று சென்னையிலும், மறு ஆண்டு திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கப்பட்டன. அவற்றின் ஒலிபரப்பு வயல் வரப்புக்கும் மீன்பிடி படகுக்கும் தேநீர்க் கடைக்கும் சென்று சேர்ந்தது 1960களில் டிரான்சிஸ்டர் பரவிய பின்னரே ஆகும். அப்பத்தாண்டின் நடுவில் தஞ்சை வட்டாரத்தில் அறிமுகமான ஏ.டி.டி. 27 என்னும் குறுகியகால நெல்வகையைப் பற்றித் திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பு வழியாக அறிந்துகொண்ட உழவர்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர் என்பது, எடுத்துச் செல்லத்தக்க பெட்டி ஒரு வட்டாரத்தின் தொழிலையே மாற்ற வல்லது என்பதற்குச் சான்றாகும். அதே காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை பாக் நீரிணையைக் கடந்து தென்தமிழக வீடுகளில் நாள்தோறும் ஒலித்தது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி வானொலிப் பெட்டி வைத்திருக்கத் தேவைப்பட்ட உரிமமும் அதற்காக அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தும் வழக்கமும் 1980களில் கைவிடப்பட்டன. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று சென்னையிலிருந்து தொடங்கியது; பின்னர்த் தனியார் பண்பலை நிலையங்களும் சமூக வானொலிகளும் பெருகவே, கடைகளில் பண்பலை மட்டுமே எடுக்கும் பெட்டிகள் நிறைந்தன. மறுபுறம் சிற்றலையில் ஒலித்த அயல்நாட்டுத் தமிழ்ச் சேவைகள் குறைந்தன. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழ்ச் சேவையின் வானொலி ஒலிபரப்பு 2017இல் நிறுத்தப்பட்டது. எனவே, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏற்றதாக இருந்த பெட்டி இன்று ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை.

அலைகளும் அவை எட்டும் தொலைவும்

பெட்டியின் முகப்பில் காணப்படும் பட்டைகள் மூன்று வகைப்படும். மத்திய அலை என்பது இந்தியாவில் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை அமைந்த பட்டை. சிற்றலை என்பது ஏறத்தாழ 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பில் ஆங்காங்கே ஒதுக்கப்பட்ட பட்டைகளின் தொகுதி. பண்பலை என்பது 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. முதல் இரண்டிலும் ஒலிக்கு ஏற்ப அலையின் வீச்சு, அதாவது அதன் வலிமை, கூடிக் குறைகிறது. மூன்றாவதில் வீச்சு மாறாமல் அதிர்வெண் மட்டும் சிறிதளவு அசைகிறது. மின்னலும் மின்கருவிகளும் உண்டாக்கும் இரைச்சல் பெரும்பாலும் வீச்சையே தாக்குவதால், மத்திய அலையில் கரகரப்பாகக் கேட்பது பண்பலையில் ஏறக்குறையக் கேட்பதே இல்லை.

ஒலித்தூய்மையில் முந்தும் பண்பலை, தொலைவில் பின்தங்குகிறது. அது ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால், பரப்பும் கோபுரத்தின் உயரமே அதன் எல்லையைப் பெரிதும் வகுக்கிறது. சமவெளியில் 100 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து வானொலி அலையின் தொடுவானம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமையும். சுமார் 2,000 மீட்டர் உயரத்திலிருந்து அதே கணக்கைப் போட்டால் 180 கிலோமீட்டர் கிடைக்கும். கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் கோடைப் பண்பலை, மதுரையையும் தேனியையும் திண்டுக்கல்லையும் கடந்து தென்மாவட்டங்கள் பலவற்றில் கேட்பதற்கு அம்மலையின் உயரமே காரணம். சமூக வானொலிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. அவற்றின் பரப்புத்திறன் 100 வாட், கோபுர உயரம் 30 மீட்டர் என விதிகள் வரையறுப்பதால், அவை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்கே உரியவை.

மத்திய அலை நிலத்தின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் தரை அலையாகப் பகலில் பயணம் செய்கிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், இவ்வலை வறண்ட நிலத்தின்மேல் செல்வதைவிடக் கடல்மேல் மிகுந்த தொலைவு செல்லும். தூத்துக்குடியிலிருந்து 1053 கிலோஹெர்ட்ஸில் இலங்கையை நோக்கி ஒலிபரப்ப இவ்வலையே தேர்ந்தெடுக்கப்பட்டது. இரவில் மற்றொரு வழியும் திறக்கிறது. பூமிக்கு மேலே கதிரவனின் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலம் பல அடுக்குகளாக அமைந்துள்ளது; அவற்றுள் தாழ்ந்த அடுக்கு பகல் முழுதும் மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது; பொழுது சாய்ந்ததும் அவ்வடுக்கு கலைந்துபோக, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் வான் அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையங்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மத்திய அலையில் பிறமொழி நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்புவதைப் பெட்டியின் கோளாறு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வானத்தின் இயல்பு.

சிற்றலை முழுவதும் வான் அலையையே நம்பியுள்ளது. பகலில் 15 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 19 மீட்டர்ப் பட்டை போன்ற உயர்ந்த பட்டைகளும், இரவில் 6 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 49 மீட்டர்ப் பட்டை போன்ற தாழ்ந்த பட்டைகளும் நன்கு எடுக்கும் என்பது சிற்றலை நேயர்கள் கைக்கொள்ளும் பொதுவிதி. சீன வானொலி போன்ற சில நிலையங்களின் தமிழ்ச் சேவையைச் சிற்றலையில் தேடிக் கேட்டு, கேட்ட விவரத்தை எழுதி அனுப்பி, நிலையத்தாரிடமிருந்து வண்ண அட்டை பெறும் பழக்கம் தமிழகத்தில் இன்றும் உள்ளது. அத்தகைய ஈடுபாடு இல்லாதவருக்குச் சிற்றலைப் பட்டைகள் இன்று இன்றியமையாதவை அல்ல.

பெட்டியின் உள்ளமைப்பு

வானொலிப் பெட்டியின் தரத்தை இரண்டு பண்புகள் தீர்மானிக்கின்றன. நலிந்த குறிகையையும் கேட்கத்தக்கதாக்கும் ஆற்றல் உணர்திறன் எனப்படும். அருகருகே அமைந்த இரண்டு நிலையங்களுள் ஒன்றைக் கலப்பின்றிப் பிரித்தெடுக்கும் ஆற்றல் தேர்திறன் எனப்படும். மலிவான பெட்டிகளில் முதலாவது ஓரளவு இருக்கும். இரண்டாவதே பெரும்பாலும் குறைபடும். 1918இல் எட்வின் ஆம்ஸ்டிராங் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில், வந்து சேரும் அலையைப் பெட்டிக்குள் உருவாக்கப்படும் மற்றோர் அலையோடு கலந்து, எந்த நிலையமாயினும் ஒரே இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றி, அங்கே வடிகட்டிப் பெருக்குகின்றனர். மத்திய அலைக்கும் சிற்றலைக்கும் 455 கிலோஹெர்ட்ஸும், பண்பலைக்கு 10.7 மெகாஹெர்ட்ஸும் வழக்கமான இடைநிலை அதிர்வெண்கள். இம்முறையில் ஒரே ஒருமுறை மட்டும் மாற்றம் செய்யும் பெட்டிகளில், வலுவான சிற்றலை நிலையம் ஒன்று தன் உண்மையான இடத்தோடு 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளியும் போலியாகத் தோன்றும். 9,600 கிலோஹெர்ட்ஸில் உள்ள நிலையம் 8,690இலும் கேட்பது இதனாலேயாகும். பட்டையில் நிறைய நிலையங்கள் கேட்பதாக மகிழ்வதற்கு முன், அவற்றுள் போலி எத்தனை என்று பார்ப்பது நல்லது.

அண்மைக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் இவ்வேலைகளையெல்லாம் ஒரே சில்லு எண்ணிம முறையில் செய்கிறது. நிலையத்தின் அதிர்வெண்ணை எண்ணாகக் காட்டுவதும், நிலையங்களை நினைவில் வைப்பதும், வடிகட்டியின் அகலத்தைக் குறைத்துக் கூட்டுவதும் இவற்றின் நன்மைகள். முள்ளை நகர்த்தி நிலையம் பிடிக்கும் பழைய வகைப் பெட்டியோ எழுத்தறியாதவரும் கண்பார்வை குன்றிய முதியவரும் கைப்பழக்கத்தால் இயக்கக்கூடியது. வீட்டிலுள்ள முதியோருக்காக வாங்குவோர் பொத்தான்கள் நிறைந்த பெட்டியைத் தவிர்ப்பதே முறை.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டிகளில் ஒரு நுட்பமான இடர் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. அமெரிக்காவில் இவ்விடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கென அமைந்த எண்ணிமப் பெட்டியில் சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸ் சரியாக எடுக்கும். திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் எடுக்காது, ஏனெனில் அப்பெட்டி 930இலிருந்து 940க்குத் தாவிவிடும். இடைவெளியை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்த பின்னரே அத்தகைய பெட்டியை ஏற்க வேண்டும். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைப் பெட்டிகளுள் பலவற்றின் பண்பலைப் பட்டை 76இல் தொடங்கி 90 அல்லது 95 மெகாஹெர்ட்ஸோடு முடிவதால், சென்னையின் 101.4 ரெயின்போவும் கொடைக்கானலின் 100.5உம் அவற்றில் கிடைக்கமாட்டா.

டி.ஆர்.எம். எனப்படும் எண்ணிம ஒலிபரப்பு முறையை அகில இந்திய வானொலி தனது மத்திய அலைப் பரப்பிகள் பலவற்றில் நிறுவியுள்ளது. மத்திய அலையின் தொலைவோடு பண்பலையை நெருங்கும் தூய்மையை அது தரவல்லது; எனினும் அதனை எடுக்கும் கையடக்கப் பெட்டிகள் கடைகளில் அரிதாகவும் விலை மிகுந்தும் இருப்பதால், பொதுவான வாங்குநருக்கு அது இன்னும் உரிய தேர்வாகவில்லை.

ஆற்றல்: பேட்டரிக் கட்டையின் கணக்கு

பெட்டியின் முகப்பைவிட அதன் பின்மூடியைத் திறந்து பார்ப்பதே வாங்குநருக்குப் பயன்தரும். அங்கே பெரிய டார்ச்சு பேட்டரி இடும் அறை இருக்கலாம். பென்சில் பேட்டரி எனப்படும் மெல்லிய கலங்களுக்கான அறை இருக்கலாம். பழைய நோக்கியா கைப்பேசியின் பி.எல்.-5சி வகைத் தட்டைப் பேட்டரி இருக்கலாம். திறக்கவே முடியாதபடி உள்ளே பதிக்கப்பட்ட லித்தியம் கலமும் இருக்கலாம்.

கலத்தின் கொள்ளளவு மில்லி ஆம்பியர்-மணியில் அளக்கப்படுகிறது; 1,000 மில்லி ஆம்பியர்-மணிக் கலம் 40 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 25 மணிநேரம் தரும். சிறிய பெட்டி ஒன்று மிதமான ஒலியில் அதே 40 மில்லி ஆம்பியரை எடுப்பதாகக் கொண்டால், சுமார் 800 கொள்ளளவுள்ள சாதாரணத் துத்தநாக-கார்பன் பென்சில் பேட்டரியில் 20 மணிநேரமும், சுமார் 2,000 கொள்ளளவுள்ள ஆல்கலைன் பென்சில் பேட்டரியில் 50 மணிநேரமும், சுமார் 6,000 கொள்ளளவுள்ள சாதாரணப் பெரிய பேட்டரியில் 150 மணிநேரமும் ஓடும். நாளுக்கு நான்கு மணிநேரம் கேட்கும் குடும்பத்திற்கு இவை முறையே ஐந்து நாள், பன்னிரண்டு நாள், ஒரு மாதத்திற்கு மேல் என்றாகின்றன. கனமாக இருப்பதாலேயே பழமையானதெனத் தள்ளப்படும் பெரிய பேட்டரிப் பெட்டி, நீண்ட மின்தடைக் காலத்தில் மற்ற எல்லாவற்றையும் வென்றுவிடுகிறது என்பதை இக்கணக்கு காட்டும். ஒலியைக் கூட்டினால் மின்னோட்டமும் கூடும்; காதொலிப்பானில் கேட்டால் கணிசமாகக் குறையும்.

மீள்மின்னேற்றம் செய்யத்தக்க நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலங்கள் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்டே தந்தாலும் பெரும்பாலான பெட்டிகள் அவற்றில் நன்கு இயங்கும்; நாள்தோறும் கேட்பவருக்கு அவை சிக்கனமானவை. நெருக்கடிக்கென எடுத்துவைக்க அவை பொருந்தா. பயன்படுத்தாமல் வைத்தாலும் மின்னேற்றத்தை மெல்ல இழக்கும் இயல்பு அவற்றுக்கு உண்டு. பதிக்கப்பட்ட லித்தியம் கலம் வாங்கும்போது வசதியாகத் தோன்றினாலும், மின்சாரம் போன மூன்றாம் நாள் அது தீர்ந்துவிட்டால் பெட்டிக்கடையில் வாங்கி மாற்ற வழியில்லை. சில ஆண்டுகளில் கலம் நலிந்தால் பெட்டியே வீணாகும். கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் வானொலியை 1990களில் டிரெவர் பெய்லிஸ் என்னும் ஆங்கிலேயர் உருவாக்கினார். அது தென்னாப்பிரிக்காவில் தயாரிக்கப்பட்டு, மின்சாரமும் பேட்டரியும் எட்டாத ஆப்பிரிக்க ஊர்களுக்குச் சென்றது. இன்று அதன் வழிவந்த பெட்டிகளில் ஒரு சிறு சூரியத்தகடும் சேர்ந்திருக்கிறது. நிமிடக்கணக்கில் சுழற்றினால் செய்தியறிக்கை ஒன்றைக் கேட்கும் அளவுக்கு ஆற்றல் கிடைப்பதால் இவை நல்ல மாற்றுவழிகள்தாம். ஆனால் முதன்மை வழியாக இவற்றை நம்புவது உகந்ததன்று.

பெட்டிகள் கெடுவதற்குப் பெருங்காரணம் தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விட்டுவிடுவதாகும். புதிய கட்டையோடு பழைய கட்டையைச் சேர்த்து இட்டால், முதலில் தீர்ந்துபோகும் பழையது மற்றதன் மின்னோட்டத்தால் எதிர்த்திசையில் உந்தப்பட்டுக் கசிகிறது. ஆல்கலைன் கலத்தின் கசிவு காரத்தன்மையுடையது. உலர்ந்து வெண்பொடியாகப் படிந்திருக்கும். அதன்மேல் பஞ்சால் ஓரிரு துளி எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைக்க வேண்டும். துத்தநாக-கார்பன் கலத்தின் கசிவோ அமிலத்தன்மையுடையது என்பதால், ஆப்பசோடா கரைத்த நீரால் அதனைத் துடைக்க வேண்டும். பிறகு ஈரம் போக உலரவைத்து, சுருள்கம்பியில் படிந்த துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் பெரும்பாலான பெட்டிகள் மீண்டும் பேசும். ஒரு மாதத்திற்கு மேல் பயன்படாது என்று தெரிந்தால் பேட்டரியைக் கழற்றிப் பெட்டியோடு ஒரே உறையில், ஆனால் வெளியே, வைப்பதே பாதுகாப்பு.

ஏரியலும் இரைச்சலும்

வாங்கிய பெட்டி நன்றாக எடுக்கவில்லை என்ற குறை பெரும்பாலும் அதனைப் பயன்படுத்தும் முறையில்தான் உள்ளது. பெட்டியின் மேலே நீளும் ஏரியல் கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும் மட்டுமே உரியது. மத்திய அலையை எடுப்பது பெட்டிக்குள் கிடையாக வைக்கப்பட்ட, செம்புக்கம்பி சுற்றிய ஃபெரைட் தண்டு. எனவே மத்திய அலை நலிந்து கேட்கும்போது கம்பியை நீட்டுவதாலும் அசைப்பதாலும் பயனில்லை. பெட்டியையே திருப்ப வேண்டும். தண்டின் நடுப்பகுதி நிலையத்தை நோக்கியிருக்கும்போது குறிகை மிகும். தண்டின் முனை நிலையத்தை நோக்கினால் ஏறக்குறைய அற்றுவிடும். இதனைச் சோதிக்க, பெட்டியை மேசைமேல் வைத்து ஒரு நிலையத்தைப் பிடித்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினால், இரண்டிடங்களில் ஒலி ஓங்குவதையும் இரண்டிடங்களில் அடங்குவதையும் கேட்கலாம். இரவில் இரண்டு நிலையங்கள் ஒரே இடத்தில் மோதும்போது, வேண்டாத நிலையத்தின் பக்கம் தண்டின் முனை நோக்குமாறு திருப்பினால் அது தணிந்து மற்றது தெளியும்.

பண்பலையின் நடுப்பகுதியில், அதாவது 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, அலைநீளத்தின் கால்பங்கு 75 சென்டிமீட்டர் ஆதலால், அந்நீளத்தை நெருங்கும் ஏரியல் உள்ள பெட்டி நன்கு எடுக்கும். கான்கிரீட் கூரையின் இரும்புக்கம்பிகள் அலையைத் தடுப்பதால் பெட்டியைச் சன்னலருகே வைக்க வேண்டும். நலிந்த நிலையம் ஸ்டீரியோவில் இரைந்தால் மோனோவுக்கு மாற்றினால் இரைச்சல் அடங்கும். சிற்றலைக்கு ஐந்து முதல் பத்து மீட்டர் வரையான உறையிட்ட கம்பியை ஏரியலில் கவ்வவிட்டு வெளியே கட்டலாம்; அதற்கு மேல் நீண்டால் சிறிய பெட்டி வலுவான நிலையங்களால் திணறும். இடி மின்னல் தொடங்குமுன் அக்கம்பியைக் கழற்றிவிடுவது கட்டாயம்.

இன்றைய வீடுகளில் மத்திய அலைக்குப் பெரும் பகை எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி மின்னேற்றி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் உள்ளே விரைவாக அணைந்தெரியும் மின்சுற்றுகளாகும். பெட்டியைப் பேட்டரியில் இயக்கியபடி வீட்டின் முதன்மை மின்விசையை ஒருமுறை அணைத்துப் பார்த்தால், கரகரப்பு வீட்டினுள் தோன்றுகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்பது உடனே தெரியும்; பிறகு ஒவ்வொரு கருவியாக இயக்கி இரைச்சல் எதனோடு திரும்பி வருகிறது எனக் கண்டறியலாம். மின்னேற்றியோடு இணைத்தபடி பெட்டியைக் கேட்கும்போது எழும் இரைச்சல், இணைப்பைப் பிடுங்கியதும் அகன்றுவிடுவது இக்காரணத்தாலேயாகும். ஊரே இருண்ட மின்தடையில் மத்திய அலை மிகத் தெளிவாகக் கேட்பதும் இதனாலேதான்.

பேரிடர்க் காலத்தில் வானொலி

கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு என்ற கேள்விக்குக் கைப்பேசி வலையமைப்பின் இயல்பே விடை தருகிறது. கைப்பேசிக்குச் சில கிலோமீட்டர் இடைவெளியில் கோபுரங்களும், ஒவ்வொன்றுக்கும் மின்சாரமும், அவற்றை இணைக்கும் கம்பிவடங்களும் வேண்டும்; வானொலிக்குத் தொலைவில் ஒரு பரப்பியும் கையில் ஒரு பெட்டியும் போதும். எத்தனை பேர் ஒருசேரக் கேட்டாலும் வானொலியில் நெரிசல் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் ஒருசேர அற்றன. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரைகடந்த கஜா புயலுக்குப் பின் டெல்டா ஊர்கள் பலவற்றில் மின்கம்பங்கள் சாய்ந்து, மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே நாளில் இருண்டபோது, வளர்ந்த நாடுகளின் மக்களும் பேட்டரி வானொலி தேடிக் கடைகளுக்கு விரைந்தனர். சுவீடன் அரசு 2018இல் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக் கையேட்டிலும் பேட்டரியில் இயங்கும் வானொலி இடம்பெற்றது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் எச்சரிக்கை, 72 மணிநேரத்திற்கு முன் முன்னறிவிப்பு, 48 மணிநேரத்திற்கு முன் விழிப்பறிவிப்பு, 24 மணிநேரத்திற்கு முன் எச்சரிக்கை, கரைகடப்பதற்கு 12 மணிநேரத்திற்கு முன் கரைகடந்த பின் நிலவக்கூடிய நிலை பற்றிய அறிவிப்பு என நான்கு கட்டங்களாக வெளிவருகிறது. முதல் அறிவிப்பு வந்ததும் பெட்டியை எடுத்துச் சோதித்துப் பேட்டரி வாங்கிவிட வேண்டும். மூன்றாம் கட்டத்தில் கடையில் பேட்டரி இருக்காது. தனியார் பண்பலை நிலையங்கள் தாமாகச் செய்தியறிக்கை தயாரித்து ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் அறிக்கையை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, இயற்கைச் சீற்றம் பற்றிய தகவல்களைத் தாமே சொல்லலாம். ஆகவே நெருக்கடியில் முதலில் நாட வேண்டியது அகில இந்திய வானொலியின் அருகிலுள்ள நிலையமும், இருந்தால் அவ்வட்டாரச் சமூக வானொலியும் ஆகும். நாகை மாவட்டத்து விழுந்தமாவடியின் களஞ்சியம், பாம்பனின் கடல் ஓசை ஆகியவை கடலோர மக்களுக்கென்றே இயங்கும் சமூக வானொலிகள். எந்தத் தெரு, எந்த முகாம் என்ற அளவில் பேச வல்லவை அவையே.

கடலுக்குச் செல்லும் மீனவர்களின் தேவை வேறு. கரையிலிருந்து விலக விலகப் பண்பலை தொடுவானத்துக்குக் கீழே மறைந்துவிடுவதால், பண்பலை மட்டுமுள்ள பெட்டி ஆழ்கடலில் பயன்படாது. மத்திய அலை உள்ள பெட்டியையே படகில் வைக்க வேண்டும். உப்புக்காற்று சுருள்கம்பிகளை அரிப்பதால் அதனை இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் வைத்து, பைக்குள் இருந்தபடியே கேட்பது நல்லது. மத்திய அலைக்கு அந்தப் பை தடையாகாது.

நெருக்கடியில் பெட்டியை நாள் முழுதும் ஓடவிடாமல், செய்தியறிக்கை நேரங்களில் மட்டும் இயக்கினால் பேட்டரி பல மடங்கு நாட்கள் வரும். அதற்காக அருகிலுள்ள நிலையங்களின் அதிர்வெண்ணையும் அறிக்கை நேரங்களையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டிவைப்பது எளிய ஏற்பாடு. பண்பலை வசதியைக் கைப்பேசிகளில் முடக்காமல் விடும்படி மத்திய அரசு 2023 ஏப்ரலில் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது வரவேற்கத்தக்கதே. எனினும் பேசவும் விளக்காகவும் வேண்டிய கைப்பேசியின் மின்னேற்றத்தை வானொலிக்கும் செலவிடுவது, தனிப்பெட்டி இல்லாதபோது மட்டுமே கொள்ளத்தக்க வழி.

தேர்வு நெறி

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், வாங்குநர் செய்ய வேண்டியவை வரிசையாகப் புலப்படும். கடைக்குப் போகுமுன், தம் ஊரில் மத்திய அலையிலும் பண்பலையிலும் பகலில் எந்தெந்தத் தமிழ் நிலையங்கள் கேட்கின்றன என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அகில இந்திய வானொலி பழைய மத்திய அலைப் பரப்பிகளைப் பல இடங்களில் நிறுத்திப் பண்பலைக்கு மாறி வருவதால், பழைய நினைவை நம்பாமல் இப்போது கேட்கிறதா என்று உறுதிசெய்வது தேவை. கடையில் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, விளக்குகளிலிருந்து விலகி நின்று, வலுவான நிலையத்தில் அல்லாமல் நலிந்த நிலையம் ஒன்றில் வைத்துக் கேட்க வேண்டும். அதற்கு அடுத்துள்ள வலுவான நிலையம் அதில் கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒலிக்குமிழைத் திருப்பும்போது கரகரப்பு எழுகிறதா, ஏரியலின் அடிமூட்டு உறுதியாக உள்ளதா, பேட்டரி மூடி தளர்கிறதா, சுருள்கம்பி விறைப்பாக இருக்கிறதா என்பவையும் பார்க்கத்தக்கவை. பேச்சுத் தெளிவுக்குப் பெரிய ஒலிபெருக்கியும், பயணத்திற்குச் சிறிய பெட்டியும் ஏற்றவை. இரண்டையும் ஒரே பெட்டியில் எதிர்பார்ப்பது ஏமாற்றத்தில் முடியும்.

தமிழகத்தின் பெரும்பாலான வீடுகளுக்கு, மத்திய அலையும் பண்பலையும் மட்டும் கொண்டு, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பேட்டரியில் இயங்கி, முள்ளாலோ சில பொத்தான்களாலோ நிலையம் பிடிக்கும் எளிய பெட்டியே சிறந்த தேர்வு. சிற்றலையும் நுண்வடிகட்டியும் அதில் ஈடுபாடு உள்ளவருக்கு. மத்திய அலை கடலுக்குப் போவோருக்குக் கட்டாயம். பதிக்கப்பட்ட கலமும் புளூடூத்தும் பாட்டுக்கு, நெருக்கடிக்கு அல்ல. வங்கக் கடலில் புயல்கள் மிகுதியாக உருவாகும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு ஒருமுறை தம் பெட்டியை எடுத்துப் புதிய பேட்டரி இட்டு, அருகிலுள்ள நிலையத்தைப் பிடித்துப் பார்த்து, ஒரு மாற்றுப் பேட்டரித் தொகுதியோடு எடுத்துவைப்பதை வழக்கமாகக் கொள்ள வேண்டும்.